அளத்துச் சவரியம்மாள்

மரக்காணம்
28 டிசம்பர் 2004

அன்புள்ள மாப்பிள்ளை சிலுவைமுத்து அவர்களுக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் உங்கள் மனைவி, மகள், நான் மூவரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே வளைகுடாவில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, தைரியமாக இருக்க வேண்டும். நேற்று போனில் பேசியதில் பாதி இரைச்சலாகவே போய்விட்டது. அதனால் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலமே மெர்லினைச் சென்னைக்குக் கூட்டிப் போய்விட்டேன். லீவில் வண்டலூரில் புலி காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். தங்கை சவரியம்மாள்தான் பஸ் ஏற்றிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் சுனாமிச் செய்தி வந்ததும் மெர்லினையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி தூரம் லாரி, மீதி நடை. நம் குப்பத்தில் கோயில் மட்டும் நிற்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்சுவர் இருக்கிறது, முன்சுவர் இல்லை. உப்பளம் முழுக்கக் கடல் புகுந்து, பாத்திக்குள் படகு கிடக்கிறது. தை பிறந்ததும் வேலை தொடங்கலாம் என்றிருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குப்பத்து ஜனம் நாலு இடமாகச் சிதறிவிட்டது. கொஞ்சம் பேர் இங்கே பள்ளிக்கூடத்தில், கொஞ்சம் பேர் கோயிலில், கொஞ்சம் பேர் கிளியனூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். நாலாவது இடம் புதுச்சேரி ஆஸ்பத்திரி. நாலு இடத்திலும் நாலு பேர் கையால் பட்டியல் எழுதியிருந்தார்கள். ஒரே ஆள் இரண்டு பட்டியலில், ஒரே ஆளுக்கு மூன்று விதமான வயது, உயிரோடு இருப்பவன் இறந்தவனாக, இப்படி. பங்குச்சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆண்ட்ரூஸ், நீ புரொபசர். இத நீயே பாரு" என்று நாலையும் என் மடியில் போட்டுவிட்டார்.

உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தடவை கடற்கரையில் உட்கார்ந்து, காலேஜில் நான் என்னதான் செய்கிறேன் என்று கேட்டீர்கள். செய்தி வழியில் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யும் கணக்கு என்றேன். சொன்னதையே மூன்று முறை அனுப்பினால் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டு காட்டிக்கொடுத்துவிடும், அதுதான் ஆரம்பப் பாடம் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "கடல்லேர்ந்து கரைக்கு நாங்க மூணு தரம்தான் கூவுறோம். இதுக்கா மச்சான் உங்களுக்கு டாக்டர் பட்டம்?" என்று கேட்டீர்கள். சவரியம்மாள் என் முன்னால் சிரிக்கக் கூடாதென்று உள்ளே போய்ச் சிரித்தாள்.

அந்தக் கணக்கு முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நம் குப்பத்துக்கே உதவியிருக்கிறது. நேற்று ஒரே பகலில் நாலு பட்டியலையும் ஒன்றாக்கிவிட்டேன். மண்டபத்துக் கன்னியாஸ்திரிகள் ஓரத்தில் "மொட்டை", "பம்பாய்", "கிணத்தடி" என்று பட்டப்பெயரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். அதை எல்லாம் எடுத்துவிட்டேன். பெயர், அப்பா அல்லது புருஷன் பெயர், வயது. ஒரு சர்க்கார் பட்டியலுக்கு இவ்வளவு போதும். தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர், "சார், இப்பத்தான் இது லிஸ்ட் மாதிரி இருக்குது" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டார்.

நம் சவரியம்மாள் பெயரும் இரண்டு பட்டியலில் இருந்தது. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, இப்போது சிரித்துக்கொண்டே சொல்லலாம். மண்டபப் பட்டியலில், சவரியம்மாள், கணவர் சிலுவைமுத்து, வயது 44, காலில் காயம். ஆஸ்பத்திரிப் பட்டியலில், அதே பெயர், அதே கணவர் பெயர், வயது 48, உயிர் இல்லை. படித்ததும் எனக்கு ஒரு நிமிஷம் கண் இருட்டியது உண்மைதான். அப்புறம் யோசித்தேன். மண்டபத்தில் எழுதியது அவளையே நேரில் கேட்டு எழுதியது. ஆஸ்பத்திரியில் எழுதியது பக்கத்தில் நின்ற யாரோ சொன்னதை. எதை நம்ப வேண்டும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. இங்கே நம் குப்பத்துச் சேட்டுவையும் கேட்டேன். சிலுவைமுத்து பெண்சாதி எங்கே என்றதும், "மண்டபத்துல இருக்குது, கால்ல கட்டு போட்டிருக்குது, நானே பார்த்தேன்" என்றான். ஆஸ்பத்திரி வரியை அடித்துவிட்டேன். மண்டபத்தில் 44 என்று இருந்த வயதையும் 48 என்று திருத்தினேன். அவள் வயது எனக்குத் தெரியாதா!

பார்க்க நேற்றே போயிருக்க வேண்டும். இந்த வேலையை நடுவில் விட்டு நகர முடியவில்லை. நாளை மதியம் மெர்லினோடு போகிறேன். அவள் காலையிலிருந்து "எப்ப மாமா, எப்ப மாமா" என்று நச்சரிக்கிறாள். உங்கள் முதலாளி கொடுத்த விமான சீட்டை உங்களோடு வேலை செய்யும் தனக்கோடிக்கு விட்டுக்கொடுத்தது நல்ல காரியம். அவன் அம்மா விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை, பாவம். நீங்கள் ஒப்பந்தம் முடிந்தே வாருங்கள். இங்கே நான் இருக்கிறேன்.

சவேரியார் உங்களைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும்.

உங்கள் மச்சான்,
ஆண்ட்ரூஸ்


சென்னை
11 ஜனவரி 2005

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

என் முதல் கடிதம் இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கும். வேறு யாராவது அதை வாங்கிக் கிழித்துப் போட்டிருந்தால் அவருக்கு நான் கடன்பட்டவன். தபாலாபீஸுக்குப் போய்த் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

முப்பதாம் தேதி போனில் நான் சொன்னது ஒரே வரி. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் கேட்டது, பிறகு போன் நின்றது. அதற்கப்புறம் ஏழு முறை கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்து, நீங்கள் படகில் போய்விட்டீர்கள் என்றார்கள். எப்படி நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் மெர்லினோடு மண்டபத்துக்குப் போனேன். வழியில் அவள் தன் அம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாய் வாங்கினாள். வாசலில் கன்னியாஸ்திரியிடம் பெயரைச் சொன்னேன். என் கையிலிருந்த என் பட்டியலைப் பார்த்து, கடைசி வரிசைக்குக் கூட்டிப் போனார். ஒரு பெண் முழங்காலில் கட்டுடன் சுவரோரம் சாய்ந்திருந்தாள். எனக்கு அவளைத் தெரியவில்லை. மெர்லின் நன்றாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இது கிணத்தடி அத்தை மாமா. எங்கம்மா எங்க?" என்றாள்.

கிணற்றடிச் சவரியம்மாள். புருஷன் பெயர் சிலுவைமுத்து, உங்களுக்குத் தெரியும், தூத்துக்குடியிலிருந்து வந்து தெற்குத் தெருவில் குடியேறினவர். எனக்குத் தெரியாது. நான் பதினாறு வயதில் குப்பத்தை விட்டவன். கிறிஸ்துமஸுக்கு வந்து, சாப்பிட்டு, பூசை பார்த்துவிட்டுப் போகிறவன். சவேரியார் கோயில் குப்பத்தில் வீட்டுக்கு ஒரு சவரியம்மாள் இருப்பாள், சிலுவைக் குருசடி இருக்கிற ஊரில் தெருவுக்கு ஒரு சிலுவைமுத்து இருப்பான் என்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும். யோசிக்கவில்லை.

குப்பத்தில் யாருக்கும் இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. அவள் கிணற்றடிச் சவரியம்மாள். இவள் அளத்துச் சவரியம்மாள், உப்பளத்தில் வேலை செய்கிறவள். கன்னியாஸ்திரிகள் அதைக் கேட்டு ஓரத்தில் ஒழுங்காக எழுதித்தான் வைத்திருந்தார்கள். வேண்டாத சுமை என்று அடித்தது நான். சேட்டு மேலும் பிழை இல்லை. சிலுவைமுத்து பெண்சாதி என்றுதான் கேட்டேன். அவன் பார்த்ததைச் சொன்னான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் அர்த்தமில்லை. நாற்பத்தெட்டு என்ற வயது என் கண்ணில் பட்டது. என் தங்கையின் சரியான வயது அதுதான். அந்த எண் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்தது. நான் என்ன செய்தேன்? வயதை ஆஸ்பத்திரிப் பட்டியலிலிருந்தும் உயிரை மண்டபப் பட்டியலிலிருந்தும் எடுத்துக்கொண்டேன். மாணவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் விடைத்தாளை முகத்தில் எறிந்திருப்பேன். அவள் சாகக் கூடாது என்று ஆசைப்பட்டேன், மாப்பிள்ளை. அந்த ஆசைக்குக் கணக்கு என்று பெயர் வைத்துவிட்டேன்.

அவள் கரையில் மீன் வாங்கப் போயிருந்தாளாம். உடல் வடக்கே ஒதுங்கி, அங்கிருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். அடையாளம் சொன்னது எக்கியார்குப்பத்துப் பெண் ஒருத்தி. பெயரைச் சொல்லிவிட்டுத் தன் பிள்ளையைத் தேடிப் போய்விட்டாள், அவள் யார் என்று அங்கே யாரும் குறித்துவைக்கவில்லை. என் பட்டியல் அங்கே போனதும், இந்தப் பெயர்க்காரி உயிரோடு இருக்கிறாள் என்று உடலிலிருந்து பெயர்ச் சீட்டை எடுத்துவிட்டார்கள். பெயரில்லாத பெண்கள் மூன்று பேர். இருபத்தொன்பதாம் தேதி காலை மூவரையும் அடக்கம் செய்துவிட்டார்கள். நாங்கள் மண்டபத்தில் நின்றது அன்று மதியம். நான் போனபோது மூன்று மணல் மேடும் மூன்று எண் பலகையும் இருந்தன. எது அவள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இருபத்தேழாம் தேதியே நான் மண்டபத்துக்குப் போயிருந்தால் அவள் ஆஸ்பத்திரியில்தான் இருந்திருப்பாள். அந்த விமான சீட்டில் நீங்கள் வந்திருந்தால், ஒருநாள் பிந்தியாவது, எங்களோடு நின்று தேடியிருப்பீர்கள். தனக்கோடி வந்து அம்மாவை அடக்கம் செய்துவிட்டு என்னைப் பார்க்க வந்தான். என் முதல் போன் வந்தபோது நீங்கள் மணலில் மண்டியிட்டதையும், ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்ததையும் சொன்னான். "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மெர்லின் எங்கள் வீட்டில் இருக்கிறாள். அவள் மாமி அன்னமேரி தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்கிறாள். மெர்லின் என்னோடு பேசுவதில்லை. கேட்டால் தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். அந்த மிட்டாய்ப் பொட்டலம் பிரிக்காமல் அவள் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது.

முதலாளியிடம் கெஞ்சியாவது ஒருமுறை வர முடியுமா? பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது, ஒப்பந்தம் அடுத்த வருஷம் மார்ச் வரை என்று தனக்கோடி சொன்னான். தூதரகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன். ஆண்டவர் உங்களைத் தாங்கட்டும்.

ஆண்ட்ரூஸ்


சென்னை
5 ஜூன் 2005

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நாலு கடிதங்களுக்குப் பதில் இல்லை. எதிர்பார்த்தும் எழுதவில்லை. தூதரகத்திலிருந்து வந்த பதிலில், ஒப்பந்தம் முடியும்வரை அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று இருந்தது. மெர்லின் ஏழாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருக்கிறாள். இங்கேயே எட்டாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். பெரியவள் ஆகிவிட்டாள். அன்னமேரி அளவாகச் சடங்கு செய்தாள். தாய்மாமன் சீர் என்று நான் வாங்கி வந்த பாவாடையை அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் இதுவரை உடுத்தவில்லை.

மே முப்பத்தொன்றாம் தேதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சந்தன மாலை, சால்வை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. முப்பத்து மூன்று வருஷத்தைப் பதினைந்து நிமிஷத்தில் ஒருவர் வாசித்தார். ஓட்டை போட்ட அட்டைகளில் கணக்குப் போட்ட காலம், வடக்கே போய் வாங்கிய பட்டம், நான் எழுதிய புத்தகம், அதைப் படித்துவிட்டு டெலிபோன் கம்பெனிகளுக்கும் அமெரிக்காவுக்கும் போன பிள்ளைகள். புயல் எச்சரிக்கைப் பெட்டி ஒன்றுக்கு நான் எழுதிய குறியீட்டையும் சொன்னார். எந்த மழையிலும் எந்த இடியிலும் செய்தி கெடாமல் கரைக்கு வந்து சேரும் என்று கைதட்டினார்கள். செய்தி கெடாமல் வரும்தான். யாராவது அனுப்பினால் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் ஒன்றும் அனுப்பவில்லை.

கடைசியாக ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். வருஷா வருஷம் எடுக்கிற முதல் வகுப்பையே எடுத்தேன். ஒரு செய்தியை மொட்டையாக அனுப்பாதே, கூடக் கொஞ்சம் மிகையைச் சேர்த்து அனுப்பு, வழியில் எது அழிந்தாலும் அந்த மிகை காட்டிக்கொடுக்கும். இதைச் சொல்லும்போது "மொட்டை", "கிணத்தடி" என்று நான் கோடு போட்டு அடித்த அந்த ஓரத்து எழுத்துகள் கண்முன் வந்தன. அதுதான் மிகை, மாப்பிள்ளை. முப்பத்து மூன்று வருஷம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தேவைப்பட்ட அன்று நான் அடித்தேன்.

அடுத்ததாக எப்போதும் சொல்வது ஒன்று. பிழை இருக்கிறது, என்னால் திருத்த முடியவில்லை என்று ஒரு கருவி சொன்னால் பயமில்லை, திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தப்பாகத் திருத்திவிட்டுச் சரி என்று சொல்கிற கருவிதான் ஆளைக் கொல்லும், ஏனென்றால் அது கொடுக்கிற விடை பார்க்கச் சுத்தமாக இருக்கும். அந்த இடத்தில் பாடத்தை நிறுத்திவிட்டேன். பாதியில் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பிரிவின் சோகம் என்று நினைத்து எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். மூன்று பெண்களையும் அடக்கம் செய்யும் முன் போலீஸில் படம் எடுத்திருக்கிறார்கள். நாலு மாதம் அலைந்து பிரதி வாங்கினேன். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மேட்டின் எண் இருக்கிறது. எது அவள் என்று தெரிந்துவிட்டால் அந்த மேட்டில் பெயர் வெட்டிய சிலுவை வைக்க அனுமதி தருகிறார்கள்.

மூன்று படமும் இந்த உறையில், தனியாக ஒரு கவரில் இருக்கிறது. தனியாக இருக்கும்போது பிரியுங்கள். உப்புத் தண்ணீர் முகங்களை மாற்றியிருக்கிறது. மூன்றையும் ஒரு வாரம் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. என்னோடு பிறந்தவளை எனக்குத் தெரியவில்லை என்று உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் வந்து, அவள் போட்ட சோற்றைப் பார்த்தேனே தவிர அவள் முகத்தைப் பார்த்தேனா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

சேட்டுவிடம் காட்டினேன், ஒன்றாம் எண் என்றான். வசந்தாவிடம் காட்டினேன், உப்பளத்தில் அவளோடு வேலை செய்தவள், மூன்றாம் எண் என்றாள். இருவரும் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்கள். கிணற்றடிச் சவரியம்மாளிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மெர்லினிடம் காட்டவே மாட்டேன். உயரம், வயது, பல், உடம்பு ஒதுங்கிய இடம் என்று வைத்து எது அவளாக இருக்கக்கூடும் என்று என்னால் கணக்கிட முடியும். பேனாவையும் எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன். இனி அந்த வேலை செய்ய மாட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். எனக்கு ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம், எண்ணை மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பினால் போதும். உங்களுக்கும் தெரியவில்லை என்றால் மூன்றையும் வெறுமனே அனுப்பிவிடுங்கள். அப்போது மூன்று மேட்டுக்கும் பெயரில்லாத மூன்று சிலுவை வைப்பேன்.

இப்படி ஒரு கவரை உங்களுக்கு அனுப்புகிற கை என் கையாக இருக்கிறதே என்று நினைக்கும்போது உடம்பு கூசுகிறது. அன்னை மரியாள் அதைப் பிரிக்கிற நேரம் உங்களோடு இருக்கட்டும்.

ஆண்ட்ரூஸ்


மரக்காணம்
2 ஜனவரி 2006

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கவர் நவம்பர் கடைசியில் வந்தது. பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. மூன்று படங்கள். ஒன்றாம் எண் பின்னால் ஒன்றுமில்லை. மூன்றாம் எண் பின்னால் ஒன்றுமில்லை. இரண்டாம் எண் பின்னால் பென்சிலில், அழுத்தி எழுதியிருந்தீர்கள்.

இது.
இது.
இது.

மூன்று முறை எழுதியது ஏன் என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த ஆள் கையில் போனால் எதுவும் கெட்டுவிடும், எனவே மூன்று தரம் சொல்லிவைப்போம் என்று நினைத்திருக்கிறீர்கள். நான் உங்களுக்குக் கரையில் உட்கார்ந்து சொன்ன பாடம்தான். என் வாழ்நாளில் என் பாடத்தை இவ்வளவு சரியாக யாரும் எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை. அழுதேன். அன்னமேரி பார்க்கிறாள் என்று தெரிந்தும் அழுதேன்.

இரண்டாம் எண்ணை இங்கே யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் வெட்கத்தை விட்டுக் கிணற்றடிச் சவரியம்மாளிடம் போனேன். படத்தைக் காட்டவில்லை. அளத்துச் சவரியம்மாளுக்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று மட்டும் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள். "எடது காது கிழிஞ்சிருக்குமே. உப்புக் கூடைய எறக்கும்போது கம்மல் மாட்டி இழுத்துடுச்சி. நீங்க பெரிய படிப்பு படிச்சிட்டு மாலையோட வந்தீங்களே, அந்த வருஷம்தான். குப்பத்துக்கே தெரியுமே சார்" என்றாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேளம் வைத்திருந்தார்கள். சவரியம்மாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பரிமாறினாள். சாமியாருக்கு மரியாதை என்று நினைத்தேன். காதில் துணி கட்டியிருந்திருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படத்தை எடுத்தேன். இடப்பக்கமிருந்து எடுத்த படம், கிழிந்த காது தெளிவாகத் தெரிகிறது. ஒரு வாரம் பார்த்த அதே படம். அப்போது அது எனக்கு வெறும் காது.

கிணற்றடிச் சவரியம்மாள் இப்போதும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஒருநாள், "என் பேரு இல்லாம இருந்தா அவுங்களத் தேடியிருப்பீங்க இல்ல?" என்று கேட்டுவிட்டாள். அவள் மேல் ஒரு தவறும் இல்லை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. நான் செய்ததில் ஒரு பங்கை அவள் சுமக்கிறாள்.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி வருஷத் திருப்பலி நடந்தது. காலையிலேயே சாமியாரும் நாங்களும் வேன் பிடித்துப் போய் இரண்டாம் மேட்டில் சிலுவை நட்டோம். கல்லில் என்ன வெட்டுவது என்று மெர்லினைக் கேட்டிருந்தேன். ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதற்குத்தான் வந்தது. "அளத்துன்னு போடுங்க மாமா. அது இல்லாம போடாதீங்க" என்றாள். கல் வெட்டுகிறவர் பட்டப்பெயர் கல்லில் நன்றாக இருக்காது என்றார். வெட்டச் சொன்னேன். அளத்துச் சவரியம்மாள், வயது 48, கணவர் சிலுவைமுத்து, மகள் மெர்லின். அண்ணன் பெயர் போடவில்லை. சிலுவை நட்ட பிறகு மெர்லின் பையிலிருந்து அந்த மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். எல்லாம் இளகி ஒரே கட்டியாகப் போயிருந்தது. மற்ற இரண்டு மேட்டிலும் எண் பலகைதான். யார் பெற்ற பிள்ளைகளோ, அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

நான் இப்போது மரக்காணத்திலேயே ஒரு வீடு பிடித்து இருக்கிறேன். வேலை ஒன்றுமில்லை. உப்பளத்தில் மறுபடி பாத்தி கட்டுகிறார்கள். வசந்தா இந்த வருஷம் போகிறாள். குடும்ப அட்டை, ஓட்டுப் பட்டியல் என்று ஏதாவது எழுத வேண்டுமானால் என்னிடம் வருகிறார்கள். பட்டப்பெயரைக் கேட்டு முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன். ஆபீஸில் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. மெர்லின் சென்னையில் அன்னமேரியோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். படிக்கிற மாதிரி புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்கிறாள். யாரும் கூப்பிடுவதாகச் சொல்லவில்லை, அவளாகவே உட்காருகிறாள். நான் எடுக்க மாட்டேன். என் குரல் கேட்கும் என்ற பயம் வேண்டாம். அவளை ஒருமுறை கூப்பிடுங்கள்.

ஊர் வந்து இறங்கும் நாளை அன்னமேரிக்குச் சொன்னால் போதும். நான் விமான நிலையத்துக்கு வரலாமா கூடாதா என்பதையும் சொல்லிவிடுங்கள். வரக் கூடாது என்றால் வர மாட்டேன். உங்கள் வீட்டு முன்சுவர் எழுப்பி, கூரை போட்டு, சாவியைச் சாமியாரிடம் கொடுத்திருக்கிறேன்.

எப்போதாவது எனக்கு என்று ஏதாவது எழுதத் தோன்றினால், எதுவாக இருந்தாலும், ஒரே ஒரு முறை எழுதுங்கள் மாப்பிள்ளை. நீங்கள் எழுதியபடியே வாசிப்பேன். ஒரு எழுத்தும் திருத்த மாட்டேன்.

சவரியம்மாள் உங்களுக்காக அங்கே வேண்டிக்கொள்வாள். கடல் உங்களைப் பத்திரமாக மெர்லினிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
அளத்துச் சவரியம்மாளின் அண்ணன்